நுரைக்கூடு கட்டும் மீனும் நம் கையிலுள்ள அமானிதமும்



மஃரிபுக்குப் பின் என் வீட்டுக்கு ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கடந்த ஓராண்டாக ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். "ஹஜ்ரத், ஓதிக் கொடுக்கிற வீட்டில் மீன் தொட்டி எதற்கு? பிள்ளைகளின் கவனம் அதில்தானே போகிறது?" என்கிறார்கள். வேறு சிலர், மீனை அடைத்து வளர்ப்பது மார்க்கத்தில் கூடுமா, அதைக் குஞ்சு பொரிக்கச் செய்வது கூடுமா என்று கேட்கிறார்கள். கேள்விகள் நியாயமானவை. ஒவ்வொருவரிடமும் வாசற்படியில் நின்று சொன்ன பதிலை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அல்லாஹ் நாடினால் பலருக்கும் பயன்படும்.

முதலில் அந்த மீன் எது என்று சொல்லிவிடுகிறேன். அது கடையில் வாங்கிய வண்ணமீன் அன்று. நம் ஊர் வாய்க்கால் மீன். காரைக்கால், காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணை வழமையாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படும். திறந்த தண்ணீர் அரசலாறு, நூலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு என்று பிரிந்து, மற்ற ஊர்களையெல்லாம் நனைத்த பிறகே நம் வயல்களை எட்டும். அணை மூடிய பின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாய்க்கால்கள் அறுபட்டுச் சிறு சிறு குட்டைகளாகிவிடும். அவற்றில் அகப்பட்ட மீன்கள் கொக்குக்கு இரையாகும். இல்லையேல் சேற்றோடு காய்ந்துபோகும். அப்படி வற்றிக்கொண்டிருந்த குட்டை ஒன்றிலிருந்து என் மகனும் மாணவர்கள் சிலரும் துண்டை விரித்து ஆறு மீன்களை அள்ளி, பழைய ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தார்கள்.

நீளம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். தவிட்டு நிற உடல். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி. வாலின் நடுவே முள் போல ஒரு கூர் நீண்டிருக்கும். பார்த்தவுடன் கண்ணைக் கவரும் மீன் அன்று. ஆனால் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் கூவியே 1831இல் இதை உலகுக்கு விவரித்தபோது, புதுச்சேரி அருகேயுள்ள அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டே விவரித்தார். 'கூபானஸ்' என்று அவர் இட்ட பெயர் அந்த அரியாங்குப்பத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. இன்றைய முழுப் பெயர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் கூபானஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வயல், வாய்க்கால், குட்டை, கழிமுகம் ஆகியவற்றில் வாழ்வது. நம் ஒன்றியப் பிரதேசத்து ஊர் ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு உலகின் நூல்களில் நீந்தும் இம்மீனை நம் பிள்ளைகள் வெறுமனே 'வாய்க்கால் மீன்' என்றுதான் அழைக்கிறார்கள்.

இதன் சிறப்பு மூச்சில் இருக்கிறது. மற்ற மீன்களைப் போல இதற்கும் செவுள் உண்டு. அத்தோடு செவுளுக்கு மேலே ஓர் அறையில், மடிப்பு மடிப்பாக அமைந்த ஒரு தனி உறுப்பும் உண்டு. அதை லேபிரிந்த் என்கிறார்கள். அந்த மடிப்புகளின் மேல்தோலில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. மீன் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால், அந்த மடிப்புகள் காற்றிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். இலை அழுகிக் கலங்கிய, பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் இவை பிழைத்திருப்பது இதனால்தான். நம் பனையேறி கெண்டையும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததே. நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்திலுள்ள தரங்கம்பாடியில், டேனிஷ் அரசின் பணியிலிருந்த டால்டார்ஃப் என்பவர் 1791இல் அந்த மீனைப் பனைமரத்தின் மீது கண்டதாக எழுதிய குறிப்பு, 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று.

காற்றை விழுங்கும் அந்த வாயையே கருவியாக்கி, வாய்க்கால் மீனின் ஆண் தன் குஞ்சுகளுக்குக் கூடு கட்டுகிறது. மேலே வந்து காற்றை எடுக்கும். வாயிலுள்ள வழவழப்பான நீரில் அதைப் பொதிந்து, ஒரு குமிழியாக இலைக்கடியில் விடும். பிறகு மீண்டும் மேலே போகும். குமிழியைச் சுற்றியிருக்கும் வழவழப்பு அதை எளிதில் உடைய விடாது. இப்படி நூற்றுக்கணக்கான குமிழிகள் சேர்ந்தால் ஒரு நுரைக்கூடு ஆகிறது. கலங்கிய தண்ணீரின் அடியில் முட்டை கிடந்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும். நுரைக்குள் இருந்தால் காற்றின் அருகிலேயே இருக்கும். கூட்டின் பயன் அதுதான்.

இத்தகைய மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்வது புதிய பழக்கமன்று. சீனத்திலிருந்து பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நுரைக்கூட்டு மீன் ஒன்றை, பாரிஸைச் சேர்ந்த பியர் கார்பொன்னியே என்பவர் 1869இல் தம் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார். இன்று நம் பக்கத்தில் வண்ணமீன் என்றாலே நினைவுக்கு வரும் சென்னை கொளத்தூரில், எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தொழிலால் பிழைக்கின்றன.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பழைய தொட்டி ஒன்று இருந்தது. நிரம்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் பிடிக்கும். நான் பாதிக்குத்தான் நிரப்பினேன். கீழே விழும் முட்டையையும் குஞ்சையும் தந்தை மீன் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். ஆழம் குறைவாக இருந்தால் அதற்கு எளிது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து, குளோரின் நெடி போன பின் ஊற்றினேன். தெருமுனையில் நிற்கும் வாதாமரத்திலிருந்து உதிர்ந்த சருகு இரண்டைக் கழுவிப் போட்டேன். தண்ணீர் தேநீர் நிறமாகியது. அந்தச் சருகில் ஊறி வரும் துவர்ப்பு இம்மீன்களுக்கு ஏற்றது. சருகின் அடிப்புறம் கூடு கட்டவும் இடம் தரும். காற்றுக் குமிழி விடும் மோட்டாரை நிறுத்திவிட்டேன். தண்ணீர் அசைந்தால் நுரை கலைந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் சூடேற்றும் கருவி தேவைப்படவில்லை. மேலே ஒரு கண்ணாடி மூடி மட்டும் வைத்தேன்.

ஒரு ஜோடியை அதில் விட்ட நான்காம் நாள், ஆணின் உடலில் செம்மை ஏறியது. பெண்ணோ கறுத்துப்போனது. இந்த இனத்தில் முட்டையிடும் வேளையில் பெண்தான் கரிய நிறம் கொள்ளும். அன்று அஸருக்குப் பின் சருகுக்கடியில் விரலகலத்துக்கு நுரை தெரிந்தது. மறுநாள் காலை முட்டையிடத் தொடங்கின. ஆண், பெண்ணின் உடலைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். இரண்டும் அசையாமல் மெல்லத் தாழும். சில வெண்ணிற முட்டைகள் உதிரும். ஆண் உடனே கீழே பாய்ந்து அவற்றை வாயில் பொறுக்கி, மேலே சென்று நுரைக்குள் வைக்கும். பிறகு மீண்டும் அதே செயல். மணிக்கணக்கில் இது நீடித்தது. முடிந்ததும் ஆண் பெண்ணைக் கூட்டின் பக்கமே வரவிடாமல் விரட்டியது. பெண்ணை எடுத்து வேறு தொட்டியில் விட்டேன்.

அதன் பிறகுதான் பார்க்க வேண்டியது இருந்தது. அந்த ஆண் கூட்டை விட்டு அகலவில்லை. உடைந்த குமிழிக்குப் பதில் புதுக் குமிழி வைத்துக்கொண்டே இருந்தது. இரை போட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசணம் பிடித்த முட்டையைத் தனியே அகற்றியது. ஏறத்தாழ இரண்டு நாள்களில் முட்டைகள் பொரிந்து, கண்ணிமை மயிர் போன்ற குஞ்சுகள் வால் கீழே தொங்க நுரையில் ஒட்டியிருந்தன. அவற்றில் ஏதேனும் ஒன்று நழுவி விழுந்தால், ஆண் வாயில் கவ்வி மீண்டும் மேலே வைத்தது. இரவில் கைவிளக்கடித்துப் பார்த்தேன். அப்போதும் அது உறங்காமல் அதையே செய்துகொண்டிருந்தது.

இதை இதற்கு யார் கற்றுக்கொடுத்தது? குட்டையிலிருந்து வந்த மீன் அது. அதற்கு உஸ்தாதும் இல்லை, ஏடும் இல்லை. உங்கள் இறைவன் யார் என்று ஃபிர்அவ்ன் கேட்டபோது, ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய அமைப்பைக் கொடுத்துப் பின் அதற்கு வழியும் காட்டியவன் என்ற கருத்தில் மூஸா (அலை) விடையளித்ததைத் தாஹா அத்தியாயத்தின் 50ஆம் வசனம் சொல்கிறது. அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்த வாரம் தொட்டியருகே அமர்த்தி விளக்கியபோது, கடைசி வரிசைப் பையன்கூட என்னைக் கேள்வி கேட்டான். "அப்படின்னா பனையேறி கெண்டைக்கு மட்டும் ஏன் இந்த வழி காட்டல, ஹஜ்ரத்?" என்றான். பனையேறி கெண்டை கூடு கட்டாது, காவலும் காக்காது. மிதக்கும் முட்டைகளை ஆயிரக்கணக்கில் விட்டுவிட்டுப் போய்விடும். ஒன்றுக்குக் காவலால் பாதுகாப்பு, மற்றொன்றுக்குப் பெருக்கத்தால் பாதுகாப்பு. வழி காட்டப்படாத படைப்பு எதுவும் இல்லை என்று சொன்னேன். கவனம் மீன் தொட்டியில் போகிறதே என்று கவலைப்பட்ட பெற்றோருக்கு என் முதல் பதில் இதுவே: கவனம் போகட்டும், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்போம்.

அடுத்து, கூடுமா என்ற கேள்வி. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர், சிறுவராக இருந்தபோது ஒரு சிறு குருவி வைத்திருந்தார். அது இறந்து அவர் வருந்தியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த அறிஞர் இப்னுல் காஸ், ஹிஜ்ரி 335இல் மறைந்தவர், இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். பறவையைக் கூண்டில் வைத்து வளர்க்கலாம், சிறுவர்கள் அதனோடு மகிழலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். ஆனால் அதே புகாரியிலும் முஸ்லிமிலும் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். உணவும் தரவில்லை, தானாக இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அதன் காரணமாகவே தண்டிக்கப்பட்டாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டம் தெளிவாகிறது. அடைத்து வைப்பது குற்றமன்று. அடைத்து வைத்தவன் அதன் உணவுக்கும் நலத்துக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறான்.

வளர்ப்பதற்கே இவ்வளவு பொறுப்பு என்றால், குஞ்சு பொரிக்கச் செய்வதற்கு எவ்வளவு? குட்டையில் கிடந்த மீன் என் செயலால் பிறந்ததன்று. தொட்டியில் பொரிந்த குஞ்சுகளோ நான் ஏற்பாடு செய்ததால் உலகுக்கு வந்தவை. உணவளிப்பவன் அல்லாஹ்தான், ஐயமில்லை. அந்த உணவு என் கை வழியாக வர வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியவன் நான். எனவேதான் ஜோடியைச் சேர்ப்பதற்கு முன்பே கணக்குப் போட்டேன். ஒரே ஈட்டில் நூறு குஞ்சு வரலாம், அதற்கு மேலும் வரலாம். பொரிந்து மூன்றாம் நாளளவில் நீந்தத் தொடங்கும். அதுவரை வயிற்றிலுள்ள மஞ்சள் கரு போதும். பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இரை வேண்டும். பொடி செய்த தீவனம்கூட அவற்றின் வாயில் நுழையாது.

அதற்காக, ஜோடியைச் சேர்த்த அன்றே காய்ந்த வாழையிலைத் துண்டைக் கிள்ளி ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு, வெளிச்சமான நிழலில் வைத்தேன். முதலில் கலங்கி நாறும். நான்கைந்து நாளில் தெளியும். தெளிந்த தண்ணீரில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். இன்ஃபுசோரியா என்பது அதுதான். முதல் வாரம் அந்தத் தண்ணீரைச் சிறு கரண்டியில் நாளுக்கு மூன்று, நான்கு முறை விட்டேன். அடுத்து ஆர்டீமியா. கடையில் வாங்கிய அதன் முட்டைத்தூளை, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் காற்றோட்டம் கொடுத்து வைத்தால், ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரியும். அதை வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். குஞ்சுகளுக்கு லேபிரிந்த் உறுப்பு உருவாகத் தொடங்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அந்த நாள்களில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருப்பது நல்லது; ஆகவே மூடியை எடுக்கவே கூடாது. இவ்வளவும் ஆயத்தமாக இல்லாதவர் ஜோடியைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பிறந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது, பசியோடு கண்முன் சாகும் நூறு உயிர்களாக முடியும்.

இந்த இடத்தில் கடைகளில் 'ஃபைட்டர்' என்று விற்கப்படும் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது அதைத்தான். அதுவும் நுரைக்கூடு கட்டும் மீனே. தாய்லாந்து நாட்டைத் தாயகமாகக் கொண்டது. 2019இல் அந்நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆனால் நூற்றாண்டுகளாக மனிதன் அதைச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்தான். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் செதில் கிழியும் வரை, சில வேளை உயிர் போகும் வரை சண்டையிடும். எனவே ஓர் ஈட்டில் நாற்பது ஆண் குஞ்சுகள் வளர்ந்தால், நாற்பதையும் தனித்தனிப் பாட்டிலில் வைத்துத் தனித்தனியே தண்ணீர் மாற்ற வேண்டும். இடமும் நேரமும் இல்லாத வீட்டில் அதைப் பெருக்குவது சரியன்று.

அதைவிடக் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. இரண்டு பாட்டில் மீனை ஒரே கிண்ணத்தில் ஊற்றி, எது வெல்லும் என்று பத்து ரூபாய் பந்தயம் வைக்கும் விளையாட்டு நம் பிள்ளைகளிடையே நடக்கிறது. என் மாணவர்கள் இருவர் என்னிடமே வந்து, "ஹஜ்ரத், நாங்க காசு வைக்கல, சும்மா பாக்கத்தான்" என்றார்கள். விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி, இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெற்றுள்ளது. பந்தயம் இருந்தால் அது சூதாட்டமும் ஆகிறது. பந்தயம் இல்லாவிட்டாலும், ஓர் உயிரின் காயம் நமக்கு வேடிக்கையாவது தடுக்கப்பட்டதே. அந்த இருவரையும் நான் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் கையிலேயே உருப்பெருக்கியைக் கொடுத்து, நுரையில் தொங்கும் குஞ்சுகளை எண்ணச் சொன்னேன். எண்ணி முடிக்க முடியவில்லை. ஆனால் சண்டை விளையாட்டு என் மாணவர்களிடையே நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

குஞ்சுகளை எண்ண வந்தவர்களில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வாப்பா சபராளி, குவைத்தில் வேலை. நம் ஊரில் இது புதிதன்று. பாட்டனார் காலத்தில் சைகோனும் சிங்கப்பூரும் பினாங்கும், இன்று வளைகுடா. அந்தப் பையன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதோட உம்மா எங்கே, ஹஜ்ரத்?" என்று கேட்டான். வேறு தொட்டியில் இருக்கிறது, காவல் வாப்பாவுடையது என்றேன். அவன் தொட்டியைப் பார்த்தபடியே, "எங்க வாப்பா வந்து மூணு வருஷம் ஆச்சு. நான் இப்ப போன்ல பேசுறதில்ல" என்றான்.

அவனுக்கு என்ன சொல்வது? உன் வாப்பாவும் இந்த மீனைப் போலத்தான், தூரத்திலிருந்து உனக்குக் கூடு கட்டுகிறார் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்களுக்கு அது அழகான வார்த்தை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை கண்முன் பார்ப்பது, கூட்டைவிட்டு ஒரு சாண்கூட விலகாத தந்தையை. அவன் மனத்தில் எழுந்த ஒப்பீட்டை உவமை சொல்லி அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பணம் அனுப்புவது காவலின் ஒரு பகுதி. அருகிருப்பது இன்னொரு பகுதி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாம்தான் தெரியாததுபோல் பேசுகிறோம்.

ஆகவே அவனிடம் ஒரு வேலை ஒப்படைத்தேன். தினமும் இஷாவுக்கு முன் குஞ்சுகளுக்கு இரை விடுவது அவன் பொறுப்பு. இரை விட்டதும் என் கைப்பேசியில் அவன் வாப்பாவுக்குத் தொட்டியைக் காணொலியில் காட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் அவன் பேசவில்லை. தொட்டியை மட்டும் காட்டினான். அந்தப் பக்கமிருந்தும் பேச்சு குறைவுதான். வேலை முடிந்து வந்து, கம்பெனி அறையில் இரும்புக் கட்டிலில் அமர்ந்து பார்க்கும் மனிதர் அவர். மூன்றாம் நாள் அவர், "ஆண் மீன் இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டார். "சாப்பிடல வாப்பா" என்றான் இவன். அதன் பின் கேள்விகள் வந்தன. சிறு வயதில் தாமும் வாய்க்காலில் இந்த மீனைத் துண்டால் அள்ளியதை அவர் சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அது அவர்கள் இருவருக்குமான நேரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மூன்று ஆண்டுப் பிரிவை ஒரு மீன் தொட்டி ஈடுசெய்யாது. ஆனால் பேச்சு தொடர்கிறது. அடுத்த விடுப்புக்கு எந்த மாதம் வருவேன் என்பதை அவர் முதன்முதலாக மகனிடமே நேரில் சொல்லியிருக்கிறார். சபரில் இருக்கும் சகோதரர்கள் இதைப் படித்தால், பிள்ளையோடு பேசும்போது பரீட்சை மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காதீர்கள். அவன் அன்று எதைக் கவனித்துக்கொண்டான் என்று கேளுங்கள்.

அந்த ஆண் மீனிடம் கற்க இன்னொரு பாடமும் உண்டு. குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கிய நாளில் அது தடுமாறியது. விலகிப்போன குஞ்சுகளை வாயில் கவ்விக் கவ்விக் கூட்டில் வைத்தது. அவை மீண்டும் ஓடின. ஒரு நாள் முழுக்க இப்படியே போராடியது. வாய்க்காலில் என்றால் குஞ்சுகள் புல்லிடையே சிதறித் தம் வழி போய்விடும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் ஓட இடமில்லை. காவல் உணர்வு தணிந்து பசி திரும்பியதும், தந்தையே குஞ்சுகளை இரையாகக் காணக்கூடும். அதனால் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆணை எடுத்துவிட வேண்டும் என்பது இந்த வளர்ப்பின் விதி. எடுத்து, தனித் தொட்டியில் நல்ல இரை கொடுத்துத் தேற்றினேன். காவலுக்குத் தொடக்கம் இருப்பதுபோல் முடிவும் உண்டு. வளர்ந்த பிள்ளையைக் கைக்குள்ளேயே பொத்தி வைக்கும் நம்மில் சிலர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைசியாக, வளர்ந்த குஞ்சுகள். நூற்றுக்கும் மேல் நீந்தியவற்றில் அறுபதளவு தேறின. அவற்றை வாய்க்காலில் விட்டுவிடலாமே என்றார்கள். தொட்டியில் வளர்ந்த மீனை ஆற்றில் விடுவது புண்ணியம்போலத் தோன்றும். ஆனால் தொட்டியின் நோயை வாய்க்காலுக்குக் கொண்டுசேர்க்கும் ஆபத்து அதில் உண்டு. வெளிநாட்டு மீன் என்றால் இன்னும் கேடு. வளர்ப்பதற்கே தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் பரவிச் செய்யும் அழிவு யாவரும் அறிந்தது. எனவே குஞ்சுகளை ஆறு ஆறாக, கேட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தேன். விலை வாங்கவில்லை, நிபந்தனை மட்டும் மூன்று வைத்தேன். மூடி வேண்டும், ஏனெனில் இம்மீன் துள்ளும். ஆனால் காற்றும் இருக்க வேண்டும், ஏனெனில் அது மேலே வந்து மூச்சு விடும். நேர் வெயிலில் வைக்கக் கூடாது. வெளியூர் போனால் இரை போட ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். சிலர் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார்கள். இவை கொசுப் புழுக்களை விரும்பித் தின்பவை; மழைக்காலத்தில் டெங்கு அஞ்சும் நம் தெருக்களுக்கு அது நல்ல உதவி.

ஜோடியை மறுபடி சேர்க்கவில்லை. அடுத்த அறுபதுக்கு வீடுகள் கிடைத்த பின்பே சேர்ப்பேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இப்போது தெருத்தெருவாகப் பெயர் எழுதி வருகிறார்கள். பட்டியலில் இதுவரை ஏழு வீடுகள் சேர்ந்துள்ளன.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரின் பொறுப்பையும், அது பிள்ளையாயினும் மீனாயினும், உரிய காலம்வரை உரிய முறையில் நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. சபரில் இருக்கும் தந்தையரை நலமுடன் தம் பிள்ளைகளிடம் கொண்டு சேர்ப்பானாக. ஆமீன்.